விழவும் வழிநாளும்: தமிழ் இலக்கியத்தில் கொண்டாட்டமும் வாராதவரும்

பழந்தமிழ் நூல்களில் விழாவைக் குறிக்க இரண்டு சொற்கள் பெருவழக்காக உள்ளன. ஒன்று விழவு, மற்றொன்று, இன்றைய காதுக்குப் பழத்தையும் கரும்பையும் மட்டுமே நினைவூட்டும் சாறு. விழாக் கொண்டாடுதலைச் சொல்லும் வினை அயர்தல். விழவு அயர்தல் என்றால் விழாவை ஊர் கூடி நடத்துதல் என்று பொருள். ஆனால் அதே அயர்தல் சோர்ந்து போவதையும் தன்னை மறப்பதையும் குறிக்கும். ஒரே சொல்லில் களிப்பும் களைப்பும் அடங்கியிருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆயினும் பழைய பாடல்கள் விழாவைக் காட்டும் முறையைத் தொடர்ந்து படித்து வருவோருக்கு இந்த இரட்டைப் பொருள் அடிக்கடி நினைவுக்கு வந்துகொண்டே இருக்கும்.

உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தபோது, அந்நூல்களில் இருந்த விழாக் காட்சிகள் படித்தோர் பலரைப் பெரிதும் ஈர்த்தன. புகார் நகரத்து இந்திர விழாவும் மதுரையின் ஓண விழாவும் வையைப் புதுப்புனல் விழாவும், தமிழர் பழங்காலத்தில் எவ்வளவு செழிப்பாக வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றாக எடுத்துக்காட்டப்பட்டன. வி.கனகசபை ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1904இல் நூலாக வெளியிட்டபோது தொடங்கி, சமூக வரலாறு எழுதிய பலரும் இவ்வடிகளை வழக்காறுகளின் களஞ்சியமாகவே கையாண்டனர். அப்பணி தேவையான பணி என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு பாடலிலிருந்து விழாவைப் பற்றிய அடிகளை மட்டும் வெட்டி எடுக்கும்போது, அவ்விழாவைப் பற்றிப் பேசுபவர் யார், எந்த நிலையில் நின்று யாரிடம் பேசுகிறார் என்பது வெட்டுப்பட்ட பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தால் வியப்பான ஓர் ஒழுங்கு தெரிகிறது. பழந்தமிழ்க் கவிஞர்கள் விழாவைப் பெரும்பாலும் அதன் நடுவில் நின்று பாடவில்லை. அங்கே வராத ஒருவரை எதிர்பார்த்தும், கூட்டத்தில் தொலைந்த ஒருவரைத் தேடியும், விழா முடிந்த மறுநாளில் நின்றும்தான் பாடியிருக்கிறார்கள்.

இதற்கு முதற்காரணம் அகப்பாடலின் இலக்கணத்திலேயே இருக்கிறது. அகத்திணைப் பாடலில் கவிஞர் தம் குரலில் எதையும் வருணிப்பதில்லை; தலைவி, தோழி, தலைவன், செவிலி, பரத்தை முதலிய மாந்தருள் ஒருவர், குறிப்பிட்ட ஒரு சூழலில், குறிப்பிட்ட ஒருவரை நோக்கிப் பேசும் பேச்சாகவே முழுப்பாடலும் அமையும். இச்சூழலைத் துறை என்பர். எனவே ஊர்விழா அகப்பாடலுக்குள் நுழைய வேண்டுமானால் யாரோ ஒருவருடைய மனத்தின் வழியாகத்தான் நுழைய முடியும். அகப்பாடல் மிகுதியும் பிரிவையும் காத்திருப்பையும் ஊடலையும் பேசுவதால், விழாவும் அவற்றின் நிறத்தைப் பூசிக்கொண்டே வருகிறது.

அகநானூற்றின் 141ஆம் பாடல் நக்கீரர் பாடியது. திருக்கார்த்திகையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று என்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இப்பாடலில், மழை ஓய்ந்த வானில் முழுமதி ஆறு மீன்கள் சேர்ந்த கார்த்திகைக் கூட்டத்தோடு கூடும் நள்ளிரவும், தெருவெங்கும் ஏற்றிய விளக்கும், தொங்கவிட்ட மாலைகளும், உழவு முடிந்து கலப்பை உறங்கும் ஓய்வும் துல்லியமாக இடம்பெறுகின்றன. ஆனால் இப்பாடல் பாலைத்திணையைச் சேர்ந்தது. பாலை என்பது பிரிவைப் பாடும் திணை. பொருள் தேடிச் சென்ற கணவன் திரும்பவில்லை. இரவுதோறும் வரும் கனவு இனிதாக இருக்கிறது, வீட்டில் நற்குறிகள் தோன்றுகின்றன என்று தோழியிடம் தேறுதல் சொல்லிக்கொள்ளும் தலைவி, ஊரோடு சேர்ந்து அந்த விளக்குவிழாவைக் கொண்டாட அவன் வந்துவிட வேண்டும் என்று விரும்புகிறாள். பாடலில் விளக்குகள் எரிகின்றன என்பது உண்மை. அவை எரிவது அவளுடைய விருப்பத்தில். வரலாற்றாசிரியர் கார்த்திகை விளக்கைக் காணும் இடத்தில், பாடலைப் பாடலாகப் படிப்பவர் காண்பது, அந்த வெளிச்சத்தில் மேலும் துலங்கித் தெரியும் ஒருவனுடைய வெற்றிடத்தை.

இன்னும் கூர்மையான சான்று உறையூர் முதுகூத்தனார் பாடிய அகநானூற்று 137ஆம் பாடலில் உள்ளது. உறையூரை அடுத்த ஆற்றங்கரைச் சோலையில், அரங்கம் என்று பாடல் குறிக்கும் இடத்தில், பங்குனித் திருநாள் பெருங்கூட்டத்தோடு நடந்து முடிகிறது. அன்று ஆயிரக்கணக்கானோர் சமைத்து உண்டிருக்க வேண்டும். பாடல் அந்த நாளைக் காட்டுவதே இல்லை. அதற்கு அடுத்த நாளைக் காட்டுகிறது. மரங்கள் அடர்ந்த சோலையில் உதிர்ந்த பூவும் இலையும் பரந்து கிடக்க, நெருப்பில்லாத அடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. காதலன் பிரியப் போகிறான் என்று அறிந்த பெண்ணின் நெற்றி, ஒளி இழந்து, அந்தச் சோலை போலப் பாழ்பட்டுவிட்டது என்பது உவமை. ஆளற்ற இடத்தைச் சொல்லப் பாலைநிலம், கைவிடப்பட்ட ஊர், வறண்ட குளம் என எத்தனையோ உவமைகள் கைவசம் இருந்தும், நேற்று வரை நிறைந்திருந்த இடத்தையே இக்கவிஞர் தேர்ந்தார். எப்போதும் வெறுமையாக இருக்கும் இடத்தைவிட நிறைந்து ஒழிந்த இடமே வெறுமையை முழுமையாகக் காட்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அணைந்த அடுப்பு ஒவ்வொன்றும் அங்கே அமர்ந்து உண்ட ஒரு குடும்பத்தின் அடையாளம் என்பதை எண்ணிப் பார்த்தால், சங்க இலக்கியத்தின் விழா உவமைகளில் இதற்கு நிகரானது இன்னொன்று இல்லை என்றே சொல்லலாம்.

விழா முடிந்த மறுநாளை அக்காலத்தார் வழிநாள் என்றனர். பத்துப்பாட்டுள் ஒன்றான பொருநராற்றுப்படை இந்த வழிநாளில்தான் தொடங்குகிறது. ஆற்றுப்படை என்பது, வள்ளல் ஒருவனிடம் பரிசு பெற்றுவரும் கலைஞன் எதிரே வரும் வறிய கலைஞனை அவ்வள்ளலிடம் வழிகாட்டி அனுப்புவதாக அமையும் பாட்டு. முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பற்றிப் பாடிய இந்த 248 அடிப் பாட்டில் பொருநன் முதன்முதலாக நம் கண்ணில் படுவது, பேரூரில் விழா முடிந்துவிட்டது, இனி அங்கே கிடைக்கும் சோற்றில் நாட்டமில்லை என்று அடுத்த நிலத்தை நோக்கி நடக்கத் தொடங்கும்போதுதான். ஊராருக்கு விழா ஆண்டுக்கொரு நாள். முழவும் யாழும் சுமந்து ஊர்விட்டு ஊர் செல்பவனுக்கு அது பிழைப்பு. ஊரார் விழாவை நினைவில் வைத்து அடுத்த ஆண்டுக்காகக் காத்திருக்கலாம். பொருநனால் ஒரே ஊரில் காத்திருக்க முடியாது. கொண்டாட்டத்தை உண்டாக்குபவர்களுக்கு அந்தக் கொண்டாட்டத்தில் நிலையான இடம் இல்லை என்ற உண்மையை, அதைக் குறையாகச் சொல்லாமலே பாட்டின் முதலடிகள் உணர்த்திவிடுகின்றன.

புறநானூற்றில் இதே உண்மை மூன்று விதமாக வருகிறது. முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுரை கூறும் 29ஆம் பாடலில், விழாவில் கோலம் மாற்றி மாற்றித் தோன்றி மறையும் கூத்தரைப் போல மாந்தர் முறைமுறையாக வந்து போகும் உலகம் இது என்கிறார். கழாத்தலையாரின் 65ஆம் பாடலில், முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த சேரமான் பெருஞ்சேரலாதனுக்காக முழவும் யாழும் ஓய்கின்றன. உழவரின் ஆரவாரம் அடங்குகிறது. சிற்றூர்களும் தங்கள் விழாவை மறந்துவிடுகின்றன. ஒருவனுடைய இறப்பின் அளவைச் சொல்ல, நடக்காமல் போன விழாக்களை எண்ணிக் காட்டும் முறை இது. மூன்றாவது, சாத்தந்தையார் பாடிய 82ஆம் பாடல். போர்வைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் காட்டிய வேகத்திற்கு உவமை தேடும் கவிஞர், கட்டிலுக்கு வார் பிணைக்கும் எளிய தொழிலாளி ஒருவனின் கையிலுள்ள ஊசியைக் காட்டுகிறார். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது; வீட்டில் மனைவிக்குப் பேற்று நோவு; மழை கொட்டுகிறது; பொழுதும் சாய்கிறது. அவனோ வேலையை முடித்தாக வேண்டும். சில அடிகளே உள்ள இப்பாட்டில் மன்னனின் வீரம் ஒரு நொடியில் வந்து போய்விட, படிப்பவர் நெஞ்சில் நிற்பவன் இந்த மனிதன்தான். விழாவின் ஓசை காதில் விழ, அதற்குப் போக முடியாமல் வாரை இழுத்துத் தைத்துக்கொண்டிருக்கும் அவனுடைய விரல்களின் வழியே ஊர்விழாவைக் காட்டியது பழந்தமிழ்க் கவிதையின் பெருமைகளுள் ஒன்று.

கூட்டத்தில் தேடுதல் என்பது இன்னொரு பெரிய இழை. குறுந்தொகையின் 31ஆம் பாடல் ஆதிமந்தியார் பெயரில் வழங்குகிறது. வீரர் திரளும் விழாக்களிலும், மகளிர் கைகோத்து ஆடும் துணங்கைக் கூத்திலும் தன் காதலனைத் தேடியும் காணாத ஒரு பெண் அதில் பேசுகிறாள். தானும் ஓர் ஆடுகளப் பெண், தன் வளையல் நெகிழச் செய்தவனும் ஓர் ஆடுகளத்தவன் என்று சொல்லி முடிக்கிறாள். இந்தச் சிறிய பாட்டைச் சுற்றி ஒரு கதையே வளர்ந்திருக்கிறது. கழார் என்னும் காவிரித் துறையில் கரிகாலன் காண நடந்த நீர்விழாவில், அழகிய நடனக்காரனாகிய ஆட்டனத்தியைக் காவிரி இழுத்துச் சென்றதைப் பரணர் அகநானூற்றின் 222, 376ஆம் பாடல்களில் சொல்கிறார். அவனைத் தேடி அலைந்த ஆதிமந்தியை வெள்ளிவீதியார் 45ஆம் பாடலில் தன் நிலைக்கு ஒப்பாக நினைக்கிறார். பின்னர்ச் சிலப்பதிகாரத்தின் வஞ்சினமாலையில் அவள் கரிகாலனின் மகளாக, புகார் நகரத்துப் பத்தினிகளுள் ஒருத்தியாக இடம்பெறுகிறாள். ஒரு விழாவில் எத்தனை பேர் ஆடினர், என்ன உண்டனர் என்பதையெல்லாம் பல தலைமுறைக் கவிஞர்கள் மறந்துவிட்டனர். ஆற்றோடு போன ஒருவனையும் அவனைத் தேடிய ஒருத்தியையும் மறக்கவில்லை.

மருதத்திணைப் பாடல்களில் வாராமைக்கு வேறு காரணம் உண்டு. அங்கே கணவன் பரத்தையர் சேரியில் இருக்கிறான். நற்றிணையின் 200ஆம் பாடலில் நொச்சிப் பூமாலை சூடிய முதிய குயவன், ஆறு போல் நீண்ட தெருவில் விழாவை அறிவித்துக்கொண்டு வருகிறான். ஊர் விழாவை அறிவிக்கும் உரிமை குயவனுக்கு இருந்தது என்ற செய்தியை இதிலிருந்து பெறுகிறோம். ஆனால் பாடலின் உயிர் அச்செய்தியில் இல்லை. வீட்டு வாயிலில் நிற்கும் பெண் அவனை நிறுத்தி, விழாச் செய்தியோடு இதையும் சேர்த்துச் சொல், தலைவனுக்காகத் தூது வரும் பாணனின் பொய்யை நம்பாதீர்கள் என்று ஊர்ப்பெண்களை எச்சரி என்கிறாள். எல்லோருக்கும் மகிழ்ச்சியைச் சொல்ல வந்த வாயில் தன் துயரத்தையும் ஏற்றி அனுப்பும் இத்துணிவு, விழாவின் பொதுக்குரலுக்கும் ஒருவரின் தனிக்குரலுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து காட்டுகிறது.

மேற்சொன்ன கருத்துக்கு மறுப்பாகப் பரிபாடலைக் காட்டலாம். மரபுப்படி 70 பாடல்கள் கொண்டிருந்த இந்நூலில் 22 பாடல்களே முழுமையாகக் கிடைத்துள்ளன. அவற்றுள் 8 வையையைப் பாடுபவை. வெள்ளம் வந்ததும் மதுரையே ஆற்றங்கரைக்கு ஓடும் புதுப்புனல் விழாவை, சந்தனமும் வண்ண நீரும் பீச்சாங்குழலும் யானையும் குதிரையும் நெரிசலுமாக, உண்மையான களிப்போடு பாடும் இப்பாடல்கள் தமிழில் கொண்டாட்ட இலக்கியத்தின் சிகரம் எனத் தகுந்தவை. ஆயினும் இங்கும் ஆற்றின் நடுவே ஊடல் எழுகிறது. 20ஆம் பாடலில், தலைவன் கவர்ந்து கொடுத்த தலைவியின் அணிகலன்களை அணிந்துகொண்டு பரத்தை நீராட வர, அது கூட்டத்தின் நடுவே வெளிப்பட்டுச் சொற்போராகிறது. வீட்டுச் சுவருக்குள் மறைந்திருந்தது, ஊரே கூடியதால் ஊரறிந்ததாகிவிடுகிறது. திருப்பரங்குன்றத்தைப் பாடும் 19ஆம் பாடலிலோ, மதுரையிலிருந்து மலை வரை வழி தெரியாமல் நிறைந்த மக்களுக்கு இடையே, மண்டபத்து ஓவியங்களைக் காட்டி இவன் காமன், இவள் இரதி என்று ஆண்கள் பெண்களுக்கு விளக்கிச் செல்லும் காட்சிகளுக்கு இடையே, ஒரு சிறுமி தொலைந்து போகிறாள். பாறைகளுக்கு நடுவே வழி தெரியாமல் அவள் தன் உறவினரைக் கூவி அழைக்கிறாள், குகை அக்குரலை எதிரொலிக்கிறது, தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று எண்ணி ஒலி வந்த பக்கம் போகிறாள், யாரும் இல்லை, மீண்டும் கூவுகிறாள். கவிஞர் இதை அச்சமூட்டும் காட்சியாக ஆக்கவில்லை, குழந்தைமையின் அறியாமையாகவே மென்மையாகக் காட்டிக் கடந்துபோகிறார். ஆயினும் களிப்பின் உச்சத்திலும் தொலைந்த ஒரு குரலுக்குக் காது கொடுக்கும் பழக்கம் இக்கவிதை மரபை விட்டு நீங்கவில்லை.

நெடும்பாட்டுகள் இரண்டைப் பற்றி ஒரு சொல். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில், நிறைமதி நாளன்று கடலுக்குப் போகாத பரதவர் சுறாமீனின் கொம்பை நட்டு வழிபட்டு, கள்ளுண்டு, கடலும் காவிரியும் கலக்கும் இடத்தில் ஆடிக் களிக்கின்றனர். 301 அடிகள் கொண்ட இப்பாட்டில் புகாரின் வளமெல்லாம் சொல்லிய பிறகு, இத்தகைய பட்டினத்தையே பெறுவதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று தலைவன் நெஞ்சுக்குக் கூறுவதாகப் பாட்டு அமைகிறது. நகரமும் அதன் விழாக்களும் தராசின் ஒரு தட்டில் வைக்கப்படுகின்றன, மறுதட்டு தாழ்கிறது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் மாயோனுக்குரிய ஓண நன்னாளும் மறவர் சேரியின் ஆரவாரமும் நகரின் எழுநாள் விழாவும் 782 அடிகளுக்குள் விரிந்து பரவுகின்றன. ஆனால் காஞ்சி என்பதே நிலையாமையை உணர்த்தும் திணை. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையைச் சொல்ல வந்த புலவர், முதலில் நிலைக்காதவற்றின் அழகை முழுதும் காட்டிவிட வேண்டும் என்று கருதியிருக்கிறார்.

இந்த மரபு முழுவதையும் பெற்று, அதை ஒரு காப்பியத்தின் முதுகெலும்பாக ஆக்கியவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் ஐந்தாவது பகுதியான இந்திரவிழவூரெடுத்த காதை, நகரத்தை அதன் விடியலிலிருந்து தொடங்கி, மருவூர்ப்பாக்கத்துக் கடைகளையும் பட்டினப்பாக்கத்து மனைகளையும், இரண்டுக்கும் இடையிலுள்ள நாளங்காடியையும் அதன் பூதத்தையும், ஐந்து மன்றங்களையும் கோயில்களையும் சுற்றிக் காட்டுகிறது. சித்திரைத் திங்களில், சித்திரை நாளில், நிறைமதி கூடிய பொழுதில் விழா நடைபெறுகிறது. ஆயிரத்தெட்டு அரசர் காவிரியின் நன்னீரைச் சுமந்து வந்து இந்திரனை நீராட்டுகின்றனர். ஒரு பேரரசின் தலைநகரம் தன்னைத் தானே கண்டு மகிழும் காட்சி இது. இத்தனையும் சொல்லிவந்த ஆசிரியர் காதையை எங்கே முடிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்நாளில் கோவலனின் மனைவி கண்ணகியின் இடக்கண்ணும் அவனுடைய காதலி மாதவியின் வலக்கண்ணும் துடித்தன என்று முடிக்கிறார். பெண்களுக்கு இடக்கண் துடிப்பது நன்மைக்கும் வலக்கண் துடிப்பது தீமைக்கும் அறிகுறி என்பது நம்பிக்கை. நகரமே ஒரே களிப்பில் கலந்திருக்கும் வேளையில், இரு வேறு வீடுகளில் இரு பெண்களின் இமைகள் மட்டும் எதிரெதிரான செய்தியைச் சொல்கின்றன. மாபெரும் விழாவை இமையளவுக்குச் சுருக்கி முடிக்கும் இந்த உத்தி, முன்பு கண்ட அகப்பாடல்களின் பயிற்சி இன்றி வந்திருக்க முடியாது.

அடுத்துவரும் கடலாடு காதையில், விழாவின் நிறைவாகக் கடலாடச் செல்லும் கோவலனும் மாதவியும் இரவில் கடற்கரையை அடைகின்றனர். வண்ணமும் சாந்தும் பூவும் விற்போர் விளக்கு, பொற்கொல்லர் விளக்கு, பிட்டும் அப்பமும் விற்போர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, மரக்கலத்துக்கு வழிகாட்டும் கலங்கரை விளக்கு, பரதவர் படகு விளக்கு, வேற்றுமொழி பேசும் அயல்நாட்டார் விளக்கு என்று ஆசிரியர் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போகிறார். தமிழில் ஓர் இரவுச் சந்தையை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய பகுதி வேறு இல்லை. அந்த வெளிச்சத்தில்தான் கானல்வரி பாடப்படுகிறது. கோவலன் வேறொருத்தியை நினைத்துப் பாடியதாக மாதவி கொள்ள, மாதவி வேறொருவனை நினைத்துப் பாடியதாகக் கோவலன் கொள்ள, அவன் எழுந்து போய்விடுகிறான். விழாவுக்கென்றே உரிய பாட்டும் யாழும் பிரிவுக்குக் கருவியாகின்றன. மாதவி தனியே வண்டியேறி வீடு திரும்புகிறாள். விழாக் காதைகள் இரண்டும் கானல்வரியும் சேர்ந்து, கூடியிருந்த இருவரைப் பிரிக்கவே அத்தனை ஆரவாரத்தையும் திரட்டியிருக்கின்றன.

இவற்றிலெல்லாம் கண்ணகி எங்கே? கண் துடித்த ஓரிடம் தவிர, விழாவில் அவள் இல்லை. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவனைக் கூடலாம் என்று தோழி தேவந்தி பின்னர் அழைக்கும்போதும், அது தன் பெருமைக்கு ஒவ்வாது என்று மறுத்துவிடுகிறாள். ஆனால் நூலின் முகப்பில் பதிகத்தை அடுத்து நிற்கும் உரைபெறு கட்டுரை என்னும் உரைநடைப் பகுதி வேறொரு செய்தியைச் சொல்கிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியனும், கொங்கு மண்டலத்து இளங்கோசரும், கடல்சூழ் இலங்கையின் கயவாகுவும், சோழன் பெருங்கிள்ளியும் கண்ணகிக்கு விழா எடுத்தனர். கயவாகு ஆடித்திங்களில் ஆண்டுதோறும் எடுத்தான். விழாவுக்குள் வராத பெண், விழாவுக்குரிய தெய்வமாகிறாள். இன்றும் கிழக்கிலங்கையில் மட்டக்களப்பைச் சூழ்ந்த ஊர்களில் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது வழக்குரை காதை படிக்கப்படுவதும், அவளுடைய சினத்தின் வெப்பத்தைத் தணிக்கும் குளிர்த்தி நிகழ்வதும், அந்த விழாக்களின் நடுவில் இன்னும் ஆறாத ஓர் இழப்பு இருக்கிறது என்பதை ஊரார் அறிந்தே கொண்டாடுவதைக் காட்டுகின்றன.

மணிமேகலை இதே இந்திர விழாவை மீண்டும் எடுத்துக்கொண்டு, வாராமையைக் கதையின் தொடக்கமாகவே வைக்கிறது. விழாவறை காதையில் யானைமேல் முரசேறி, இருபத்தெட்டு நாள் விழாவை நகருக்கு அறிவிக்கிறார்கள். பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறைப்படி வாதிடுங்கள், பகையும் பூசலும் விலக்குங்கள் என்று ஆணை தொடர்கிறது. உடனே இரண்டாம் காதையில், ஆடவேண்டிய மாதவியும் அவள் மகள் மணிமேகலையும் விழாவுக்கு வரவில்லை என்று ஊர் அலர் தூற்றுகிறது. அழைக்க வந்த வசந்தமாலையிடம் மாதவி, மணிமேகலை பத்தினியாகிய கண்ணகியின் மகள், அவள் தவநெறிக்கு உரியவள் என்கிறாள். விழாவுக்கு ஆடல்மகளிர் வராமல் இருப்பது அவர்களது பிறப்பின்மேல் ஊர் சுமத்திய கடமையை மறுப்பதாகும். மணிமேகலையின் ஆசிரியர் சாத்தனார் அந்த மறுப்பையே ஒரு பெருங்காப்பியத்தின் முதல் அசைவாக்கினார். விழாவைக் காண வந்த மணிமேகலா தெய்வம் அப்பெண்ணைத் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. இறுதியில் மன்னன் நெடுமுடிக்கிள்ளி, கப்பல் உடைந்து காணாமற்போன தன் மகனைத் தேடும் துயரில் இந்திர விழாவை மறக்க, நகரைக் கடல் கொள்கிறது. ஒரு தந்தையின் நெஞ்சிலிருந்த இழப்பு விழாவை நிறுத்தியது. விழா நின்றதால் நகரமே இல்லாமல் போனது.

இங்கே ஒரு கோட்பாட்டைத் தொட்டுச் செல்வது பொருத்தம். ரஷ்ய அறிஞர் மிகயில் பக்தின், ராபெலேயைப் பற்றி 1965இல் வெளியான தம் நூலில், ஐரோப்பிய இடைக்காலக் களியாட்டத்தில் ஆடுபவர் காண்பவர் என்ற பிரிவே இல்லை, எல்லோரும் அதற்குள்ளேயே வாழ்கின்றனர் என்று விளக்கினார். வையைப் பாடல்களின் சில பகுதிகளுக்கு இது பொருந்தும். ஆனால் பழந்தமிழ் விழா இலக்கியத்தின் பெரும்பகுதியில் வாயிலில் நிற்பவளும், ஊசியோடு அமர்ந்திருப்பவனும், முழவைச் சுமந்து வெளியேறுபவனும் உண்டு. விழாவை அவர்களே காண்கிறார்கள், அவர்கள் வழியாகவே நாமும் காண்கிறோம். எனவே களியாட்டக் கோட்பாட்டை அப்படியே இங்குப் பொருத்த முற்படும் ஆய்வுகள் இந்த வெளிநிற்பவரை இழந்துவிடும் அபாயம் உண்டு.

பக்தி இலக்கியத்தில் விழா இறைவனுக்கு உரியதாகிறது. அங்கும் பழைய அமைப்பு அழியவில்லை என்பதற்குத் திருஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகத்தைவிடப் பெரிய சான்று தேவையில்லை. இரண்டாம் திருமுறையில் உள்ள இப்பதிகம், ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஏழாம் நூற்றாண்டு மயிலையின் திருநாள்களை நிரல்படக் கூறுவதால், கோயில் விழா வரலாறு எழுதுவோர் எல்லோரும் இதை நாடுவர். பதிகம் பூம்பாவை என்ற பெண்ணை விளித்துப் பாடப்படுகிறது. பாம்பு தீண்டி இறந்த சிவநேசர் மகளின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தை முன்வைத்துச் சம்பந்தர் பாடினார் என்றும், அவள் உயிர்பெற்று எழுந்தாள் என்றும் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விரித்துரைக்கிறார். ஒவ்வொரு பாட்டும் ஒரு திருநாளைக் காட்டி, இதைக் காணாமலா போகிறாய் என்று அவளைக் கேட்கிறது. இறந்த பெண்ணிடம் மோட்சத்தையோ மறுபிறவியையோ பற்றிப் பேசாமல், தெருவில் பெண்கள் ஏற்றும் விளக்கையும் கடலாடும் கூட்டத்தையும் பற்றிப் பேசும் இப்பதிகத்தில், வாழ்வு என்பதற்கே மறுபெயராக விழா நிற்கிறது. ஆண்டாள் தன் திருமணக் கொண்டாட்டத்தை, ஆயிரம் யானை சூழ வரும் மாப்பிள்ளையும் தோரணமும் மத்தளமுமாக, தோழியிடம் சொல்லும் கனவாக மட்டுமே பாடியதையும் இதனோடு சேர்த்தெண்ண வேண்டும்.

உரைநடைக் காலத்துக்கு வந்தால், ஒரு சிறுகதையைச் சொன்னால் போதும். கு.அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ தீபாவளியைச் சுற்றி நடக்கும் கதை. வசதியான வீட்டுச் சிறுவன் ஒருவனும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் தங்களிடம் உள்ளதைச் சொல்லிப் போட்டிபோடும் விளையாட்டோடு கதை தொடங்குகிறது. வசதியான வீட்டுக்குத் தலைதீபாவளிக்காக மாப்பிள்ளை வருகிறார். அவரை ராஜா என்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளின் தாயான தாயம்மாளின் எளிய வீட்டு வாசலுக்கோ, பண்டிகைக்கு முந்திய இரவில், யாருமற்ற ஒரு சிறுவன் உடம்பெல்லாம் சிரங்கோடு வந்து நிற்கிறான். அவன் பெயரும் ராஜா. அவள் அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சோறு போட்டு, வீட்டுக்கென வாங்கிய சொற்பப் புதுத்துணியில் ஒன்றை அவனுக்கும் உடுத்துகிறாள். புதிய துணி குறைவு என்பதும், அதைக் கொடுத்தால் வீட்டில் ஒருவருக்கு இல்லாமல் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். அழகிரிசாமி அந்தத் தயக்கத்தையும் மறைக்காமல் காட்டுகிறார். பொழுது விடிந்து வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியபின், அடுத்த வீட்டுச் சிறுவன் தங்கள் வீட்டு ராஜாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வரும்போது, தாயம்மாளின் மகள் மங்கம்மாள், போட்டி எதுவும் மனத்தில் இல்லாமலே, தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக அவனிடம் சொல்கிறாள்.